கழுத்துவரை ஜிப்

வெர்னா டாக்கெட் எங்கள் ஊரான எல்ம் ஃபோர்க்கை விட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடிய மறுநாள். காலை பத்து மணிக்கே சாலையில் தார் இளகிக் கிடந்தது. நெப்ராஸ்காவில் தங்கை வீட்டுக்குப் போகிறார் என்று சொன்னார்கள். காரின் பின் இருக்கையில் தையல் இயந்திரத்தை வைத்து, குழந்தைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பெட்டிகளைத் தூக்கிக்கொடுக்கப் போயிருந்தேன். டிக்கியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லேசி, நீ கென்னாவுக்கு நேர் பின்னாடிதானே வந்தே. அன்னைக்கு அவ எங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"பாட்டு சத்தமா இருந்துச்சு, மிஸ் வெர்னா. எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"சரி கண்ணு," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இருபத்தொரு வருடம் அதே ஒன்பதாம் எண் பேருந்து. மகள் ஜோடியை ஏழு வயதில் எங்கள் சியர்லீடிங் கூடத்தில் சேர்த்தார். கரணம் போட்டு, ஆள்மேல் ஆள் ஏறி அணியாக ஆடும் ஆட்டம் அது. டயர் கிடங்காக இருந்த தகரக் கட்டடம்தான் கூடம். ஜோடி இரண்டே வருடத்தில் "தலைகீழா நின்னா வாந்தி வருது" என்று விலகி, பள்ளி இசைக்குழுவில் டிரம்பெட் ஊதப் போனாள். வெர்னா விலகவில்லை.

"உங்க பொண்ணுதான் போயிட்டாளே, நீங்க எதுக்கு வர்றீங்க?" என்று பயிற்சியாளர் டஸ்டி கேட்டிருக்கிறார்.

"உன் பசங்களுக்கு ஊக்கு குத்த ஆள் வேணாமா? நீ குத்தினா ரத்தம் வரும்."

டஸ்டி ஊக்கு டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டாராம்.

எங்கள் ஆட்ட உடை வயிறு தெரியும் மேல்சட்டை, சாண் நீளப் பாவாடை, தலையில் முகத்தைவிடப் பெரிய ரிப்பன். ஆட்ட விரிப்பில் குட்டிக்கரணம் போடும்போது அது உறுத்தாது. இறங்கி வந்து நாச்சோஸ் தின்பண்டக் கடை வரிசையில் நிற்கும்போதுதான் வேறு மாதிரி இருக்கும். டல்சா நகரில் ஒரு போட்டியில், அப்படி வரிசையில் நின்ற பத்து வயதுப் பிள்ளைகளை ஒருவன் படமெடுத்துக்கொண்டிருந்ததை வெர்னா பார்த்தார். அவனுக்கு அங்கே ஆட வந்த பிள்ளை யாரும் இல்லை. காவலாளி வருவதற்குள் நழுவிவிட்டான்.

அடுத்த வாரம் கூடத்தின் கழிப்பறைக் கதவில் வெர்னா எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. விரிப்பை விட்டுக் கால் இறங்கியதும் ஜாக்கெட். ஜிப் கழுத்துவரை. இடுப்புக்குக் கீழே முழுக்கால் பேன்ட். சாப்பிடப் போனாலும், கழிப்பறைக்குப் போனாலும், பரிசு வாங்கப் போனாலும் இதேதான்.

கென்னாவின் அம்மா ஷெரிலுக்கு அது பிடிக்கவில்லை. "எவனோ பாக்குறான்னு நம்ம பிள்ளைங்க மூடிக்கணுமா? அதுங்க உடம்புல என்ன தப்பு?"

"உடம்புல ஒரு தப்பும் இல்ல ஷெரில். அவன் கேமரால இருக்கு. அதைப் பிடுங்க எனக்கு வழி தெரியல. ஜிப் போடத் தெரியும்."

அப்படித்தான் வெர்னா ஜாக்கெட்காரி ஆனார். நீல நிறத்தில் இருபது ஜாக்கெட். ஒவ்வொரு கழுத்துப்பட்டையிலும் மஞ்சள் நூலில் பெயர் தைத்திருந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில், நாங்கள் இறங்கி வரும் வரிசைப்படியே அவற்றை இடது கையில் அடுக்கிக்கொண்டு விரிப்பின் ஓரத்தில் நிற்பார். யாரும் நின்று கை நீட்டவேண்டியதில்லை. நடக்கும்போதே கை நுழைந்துவிடும். ஜிப் ஏறிவிடும். "அடுத்து, அடுத்து" என்பார். பேருந்தில் பிள்ளைகளை ஏற்றும் அதே குரல். அடுத்த அணி விரிப்பில் ஏறுவதற்குள் எங்களில் ஒரு தொப்புளும் வெளியே தெரியாது.

கேலி செய்யாமல் இருப்போமா? "மிஸ் ஜிப்பர் வர்றாங்கடி, கழுத்தைக் கழட்டி வச்சுடு" என்போம். அவர் காதிலும் விழும். "கழுத்து இல்லேன்னா மெடலை எங்க மாட்டுவே?" என்பார். ஆனால் பெரிய பெண்கள்கூட அந்த ஜாக்கெட் மேலே ஏறியதும் தோளைத் தளர்த்துவார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கென்னா எங்களில் மேலே நிற்பவள். பதிமூன்று வயது, பூனைக்குட்டி எடை. நாங்கள் மூன்று பேர் கீழே நின்று அவளைத் தூக்கி எறிந்து பிடிப்போம். வெர்னா ஊரை விட்ட அந்த வருடம், மார்ச் மாதப் போட்டி இரண்டு நாள். முதல் நாள் ஆட்டத்தின் கடைசித் தூக்கலில் அவள் சாய்ந்து வந்தாள். பிடித்துவிட்டோம். தரையில் விழவில்லை. ஆனால் அவளுடைய இடது விலா என் தோளில் மோதியதை நான் உணர்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினாள், கற்றுக்கொடுத்தபடி. கூட்டம் கைதட்டியது.

இறங்கினோம். எனக்கு முன்னால் கென்னா. அவள் வயிற்றுப் பக்கம் சிவந்து தடித்திருந்தது. வெர்னாவின் முன்னால் அவள் நின்றாள். அங்கே யாரும் நிற்பதில்லை.

"மிஸ் வெர்னா, இங்க குத்துது."

"முதல்ல போட்டுக்கோ கண்ணு. அப்புறம் சொல்லு."

கை நுழைந்தது. ஜிப் கழுத்துவரை ஏறியது. "அடுத்து" என்றார். அடுத்தது நான்.

அப்புறம் அவள் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் ஆட விடமாட்டார்கள் என்று பயந்திருக்கலாம். இரண்டு மணி நேரம் படிக்கட்டு இருக்கையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நடுங்கினாள். அரங்கத்தில் ஏசி அதிகம் என்று வெர்னா தன் கோட்டையும் அவள்மேல் போர்த்தினார். எலுமிச்சைப் பானம் வாங்கி வந்து, "ரெண்டு மடக்கு குடி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதல் நாள் பரிசுக்கு அணியின் பெயரைக் கூப்பிட்டபோது கென்னா எழுந்தாள், எங்கள்மேல் சரிந்தாள். மருத்துவ உதவிக்காரர்கள் ஜிப்பைக் கீழே இழுத்தார்கள். இடது பக்கம் முழுக்கக் கறுநீலம்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். பிறகு சீழ் வைத்து, இன்னும் இரண்டு அறுவை. ஏழு வாரம் மருத்துவமனை. ஒரு மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் வேறு மாதிரி போயிருக்கும் என்று மருத்துவர் ஷெரிலிடம் சொன்னாராம். கென்னா பிழைத்தாள். அதன்பிறகு யார் கைமேலும் ஏறவில்லை. அந்த மே மாதமே அவர்கள் குடும்பம் கான்சஸுக்குப் போய்விட்டது.

போவதற்கு முன் ஷெரில் மளிகைக் கடையில் வெர்னாவைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "எம்புள்ள வயித்தை ஊரே பாத்திருக்கணும் வெர்னா. யாராவது ஒருத்தர் பாத்திருப்பாங்க," என்றார். பால் அலமாரிக்கு முன்னால் நடந்தது. நான் முட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். வெர்னா கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதில் இரண்டு ரொட்டியும் ஒரு டப்பா பீன்ஸும் இருந்தன.

அதற்குப் பிறகு அவர் கூடத்துக்கு வரவில்லை. ஜாக்கெட்டுகளைத் துவைத்து, மடித்து, டஸ்டி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். பத்தொன்பதுதான் இருந்தன. கென்னாவுடையதை மருத்துவமனையில் கத்திரித்துவிட்டார்கள்.

ஆனால் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். பேருந்திலிருந்து இறங்கும்போது, தேவாலய வாசலில், பந்தாட்ட மைதானத்தில். "அவ எங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் தெரியாது என்றேன். அவருக்காகச் சொன்ன பொய் என்று அன்று நினைத்தேன். என் தோள்தான் இடித்தது என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை.

நானும் ஊரில் தங்கவில்லை. கப்பல் சமையலறை, அலாஸ்காவில் மீன் ஆலை, பெரு நாட்டில் ஒரு விடுதி என்று பதினோரு வருடம் ஓடிற்று. இந்த ஜனவரியில்தான் திரும்பினேன். வந்து மூன்றாம் வாரம், ஊரிலேயே இருந்த ஜோடியிடம் என் எண்ணை வாங்கி, வெர்னா என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினார்:

"லேசி கண்ணு, நீ வந்துட்டேன்னு ஜோடி சொன்னா. கென்னா எனக்கு எழுதியிருக்கா. அவளுக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. 'அன்னைக்கு உங்ககிட்ட நான் ஒண்ணுமே சொல்லலை மிஸ் வெர்னா, மனசுல வச்சுக்காதீங்க'ன்னு எழுதியிருக்கா. நல்ல பொண்ணு. ஆனா அவ சொன்னா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. உங்களையெல்லாம் கேட்டுக்கிட்டே திரிஞ்சது, அவ சொல்லலேன்னு யாராவது சொல்ல மாட்டீங்களான்னுதான். இப்ப அவளே சொல்லிட்டா. 'ரொம்ப நன்றி கண்ணு'ன்னு அவளுக்குப் பதில் போட்டேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியல."