பதினேழாயிரத்துக்கு முன்னாடி

போன வருஷம் ஆடி மாசம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நடந்தது இது. அங்கே மிஷின்களோடு சேர்ந்து ஓடுகிற கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினோரு வருஷ சர்வீஸ். எந்த லைன் நின்றாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

பேக்கிங் பகுதியில் பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா. போகிற பெட்டி ஒவ்வொன்றின் லேபிளையும் அது படிக்க வேண்டும். அந்த மாசம் அது பயங்கர பேஜாரு பண்ண ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று செத்துவிடும். மொத்த லைனும் நிற்கும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி ஓடும்.

அந்த இடத்தில் வேலை பார்ப்பவர் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கான்ட்ராக்ட் வேலை. பெட்டிகளின் வரிசை எண்ணைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. ஒன்றிலிருந்து தொடங்கி ஒரு நம்பர்கூட விடாமல் இருந்தால்தான் சரக்கை வண்டியில் ஏற்ற விடுவார். ஒரு பெட்டி குறைந்தாலும் அத்தனையும் நிற்கும், மேனேஜரே வந்து கத்தினாலும் அசைய மாட்டார்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கேமரா மறுபடி செத்தது. நான் போய் கம்ப்யூட்டரின் பதிவுகளை எடுத்தேன். அது லினக்ஸில் ஓடுவது. அதன் உள்ளே கெர்னல் என்று ஒன்று, மொத்த மிஷினையும் நடத்துகிற அடிப்படை ப்ரோகிராம், நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே வரும். கடைசி வரியில் கேமராவின் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று தெளிவாக இருந்தது. அட, கேபிளை யாரோ பிடுங்குகிறார்கள்! பக்கத்தில் இருப்பது அந்தப் பெண் மட்டும்தான். ஓய்வு கிடைக்கட்டும் என்று வேணுமென்றே செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே ரிப்போர்ட்டாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அழுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அசையாமல் நின்றார். "வேலை போனா போவுது சார். வேணும்னே பண்ணேன்னு மட்டும் எழுதாதீங்க" என்றார். பிறகு மேஜையில் நான் வைத்திருந்த, அந்தப் பதிவுகளின் பிரிண்ட் தாளைப் பார்த்துக்கொண்டே, வரிகளின் ஓரத்தில் இருக்கிற நம்பர் என்ன என்று கேட்டார். மிஷின் ஆன் ஆனதிலிருந்து எத்தனை செகண்ட் என்பது அது என்று, சலிப்போடு சொன்னேன்.

அவர் விரல் முதல் வரிக்குப் போனது. "காலைல ஆறு மணிக்கு மிஷினை ஆன் பண்ணது நான்தான். இது இன்னா சார், பதினேழாயிரத்துலேந்து ஆரம்பிக்குது? அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் எங்க?"

தாளை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன், ஆறு மணியிலிருந்து கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி நேரத்துப் பதிவு காணோம். கெர்னல் எழுதுவதற்கு மெமரியில் சின்னதாக ஓர் இடம்தான் இருக்கும், பஃபர் என்பார்கள். நிரம்பினால் பழைய வரிகளை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக எழுதும். மெமரி கார்டு தேய்கிறது என்று, அந்த வரிகளைத் தனியாகச் சேமித்து வைப்பதையும் நான் நிறுத்தியிருந்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மிச்சமிருந்த வாலை மட்டும் படித்துவிட்டு ஒருத்தர் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன்! முதல் நம்பர் எங்கே என்று தேடுகிற கண் அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை.

மேனேஜரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன், அதுவரை அந்தப் பெண்ணை நிறுத்த வேண்டாம் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார். அன்றைக்கே பஃபர் அளவைப் பல மடங்கு பெரிதாக்கினேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போது படிக்கிற அமைப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. பதினோரு வருஷத்தில் அதை நான் தொட்டதே இல்லை.

மறுநாள் பார்த்து கேமரா ஒழுங்காக ஓடித் தொலைத்தது. "பாத்தீங்களா, மிரட்டுனதும் சரியாயிடுச்சு" என்று மேனேஜர் சிரித்தார். மிஷின் கெட்டுப்போகணும் சாமி என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். அந்தப் பெண்ணோ எப்போதும் போலப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நாஷ்டா முடிந்து ஒரு மணி நேரத்தில் கேமரா செத்தது. ஓடினேன். இந்த முறை பதிவு பூஜ்யத்திலிருந்து இருந்தது. கேமரா சாவதற்கு அரை மணி முன்னால் ஒரு வரி: அந்த இணைப்பில் தாங்குவதற்கு மேல் கரண்ட் போகிறது. அதற்குப் பிறகு கேமரா திணறித் திணறி ஆயிரக்கணக்கில் போட்ட புலம்பல் வரிகள். அந்தப் புலம்பல்தான் இத்தனை நாளும் முக்கியமான வரியை அழித்திருக்கிறது. சரி, அவ்வளவு கரண்டை யார் இழுக்கிறார்கள்? கேமராவோடு ஒரே ஹப்பில், அதாவது பல கேபிள்களுக்குப் பொதுவான இணைப்பில், சொருகியிருந்த புது ஸ்கேனர். முந்தின மாசம் அதை அங்கே சொருகினது வேறு யாரும் இல்லை, நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஸ்கேனருக்குத் தனி இணைப்பு கொடுத்தேன். அதோடு தொல்லை தீர்ந்தது. மேனேஜர் முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுடையது என்று புது ரிப்போர்ட் எழுதி வைத்துவிட்டு, பழையதைக் கிழிக்கப் போனேன். உண்மையைச் சொன்னால், அவருக்காக மட்டும் இல்லை, என் மானத்துக்காகவும்தான். அவர் சட்டென்று தடுத்தார்.

"கிழிக்காதீங்க சார். ரெண்டுமே இருக்கட்டும். முதல்லேந்து இருந்தாதானே இன்னா நடந்துச்சுன்னு தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. பெட்டி நம்பர் சரிபார்க்கிற அதே குரல். சொல்லிவிட்டு, லைன் நிற்குது என்று கிளம்பிப் போய்விட்டார். என்ன மனுஷி!

இப்போது எந்தக் கம்ப்யூட்டரை வைத்தாலும் முதல் வேலையாக அந்த பஃபரைப் பெரிதாக்குகிறேன். அந்த இரண்டு தாளும் ஃபைலில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. யாரைப் பற்றியாவது தீர்ப்பு எழுதக் கை பரபரக்கும்போதெல்லாம், என் கையெழுத்தோடு இருக்கிற அந்த முதல் தாளை நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அதைக் கிழிக்க விடாமல் தடுத்ததுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி என்று இன்றும் நம்புகிறேன்.