அல்சூரில் கிடைத்த வெம்பிளி வில்லை

காலை ஏழரை மணிக்கு மெட்ராஸ் சென்ட்ரலில் வண்டி ஏறினேன். 1955, ஜனவரி மாதம். எனக்குக் காசுப் பைத்தியம் என்று வீட்டில் சொல்வார்கள். அது தப்பு. கடையில் செல்லும் காசு மேல் எனக்கு ஆசை கிடையாது. உலகப் பொருட்காட்சிகளில் ஞாபகார்த்தமாக விற்ற, ரூபாய்க் காசு போன்ற உலோக வில்லைகள்தான் என் பைத்தியம். பாரிஸ், சிகாகோ எல்லாம் என் பெட்டியில் இருக்கின்றன. 1924 லண்டன் வெம்பிளி பொருட்காட்சியின் சிங்க வில்லை மட்டும் பதினோரு வருஷமாகச் சிக்கவில்லை. அது பெங்களூர் அல்சூரில் சிங்காரம் என்பவரிடம் இருந்தது. கடிதத்திலேயே சிநேகமானவர், முகம் பார்த்ததில்லை. "நேரில் வாரும், தருகிறேன்" என்று மார்கழியில் எழுதியிருந்தார்.

பகல் இரண்டு மணிக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷன். ஜட்காக்காரர் பன்னிரண்டணா கேட்டு, பத்தணாவுக்குப் படிந்தார். ஏரிக்கரையில் வெயில் அடித்தும் குளிரெடுத்தது. யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பெரியவர் போயி இருபது நாளாச்சே, சாப்."

மெட்ராஸிலிருந்து வருகிறேன் என்றதும் சிங்காரத்தின் மனைவி அழுதுவிட்டார். "உங்களுக்குன்னு தலகாணிக்கு அடியிலயே வெச்சிருந்தாருங்க. அன்னைக்கு நெத்தியில வெக்க ஒரு ரூபா கேட்டாங்க. வெள்ளையா வட்டமா கையில கெடச்சுது. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

இறந்தவர் நெற்றியில் வைக்கும் காசு, கொள்ளி வைக்கும் முன்பு சுடுகாட்டு வேலைக்காரருக்குப் போய்விடும். அதுதான் வழக்கம். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வில்லை எரியாமல் தப்பியதே என்று என் மனம் குதித்தது.

மூன்றரை மணி. சுடுகாடு அரை மைல். மாரி என்பவர் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"மெட்ராஸ்லேருந்து வர்றவங்க நீங்கதானே?" என்றார். இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே வெம்பிளி சிங்கம். பிடரி மயிரின் பள்ளங்களில் சந்தனம் காய்ந்திருந்தது.

ஐந்து ரூபாய் நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"துட்டு வேணாம் சாமி. டீக்கடையில குடுத்தேன், செல்லாதுன்னுட்டான். ஏரியில வீசினேன். மறுநாளே வலைக்காரன் கொண்டாந்து, 'மாரி, இது உன்துதானே'ங்கறான். ஒரே பேஜாருங்க. எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

"நான் வருவது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெரியவர்தான் சொன்னாரு."

"எப்போது? படுக்கையில் கிடந்தபோதா?"

மாரி விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். "உசுரோட இருந்தப்ப நான் அவரைப் பாத்ததே இல்லீங்க."

தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசை வெட்கமறியாது, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாளிடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, சத்திரத்தில் தங்கினேன்.

மறுநாள் காலை வண்டியில் நல்ல கூட்டம். கதவோரம்கூட நின்றுகொண்டு வந்தார்கள். என் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. பங்காருபேட்டையில் ஏறியவர், "இங்கே ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார்; நான் இல்லை என்பதற்குள் நகர்ந்துவிட்டார். ஜோலார்பேட்டையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். நான் ஒதுங்கி உட்கார்ந்தும், காலி இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வந்தாள்.

காட்பாடியில் ஏறிய ஒருவரும் ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். "இருக்கார்" என்றேன்.