இடப்பக்கம் இழுக்கும் பலகை

எங்கள் அத்தை எதையும் முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். கடையில் ரொட்டி எடுத்தாலும் சரி, யார் வீட்டிலாவது உட்காரச் சொன்னாலும் சரி, விரல் முந்திக்கொள்ளும். ஒருமுறை பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, காத்திருக்கும் அறையில் கிடந்த எட்டு நாற்காலிகளையும் வரிசையாக அழுத்திவிட்டு, "பல்லுக்கு முன்னாடி இதுங்களைப் பிடுங்கணும்" என்றாள். அடுத்த மாதமே அந்த எட்டு நாற்காலிகளும் அவளுடைய பட்டறைக்கு வந்து சேர்ந்தன.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. வயது ஐம்பத்து மூன்று. சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் தைப்பது தொழில். நாங்கள் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம், பட்டறை அதே கட்டடத்தின் தரைத்தளத்தில். உள்ளே நுழைந்தால் பசை வாடைதான் முதலில் வரவேற்கும். சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், நடுவில் நீளமான வெட்டு மேசை, மூலையில் தோல் சோபா எலும்பும் தோலுமாகக் கவிழ்ந்து கிடக்கும். வேலை செய்பவர்கள் மூன்றே பேர். அத்தை, மரச்சட்டம் அடிக்கும் மாமா, துணியும் ஸ்பாஞ்சும் வெட்டித் தரும் டேப்பு அண்ணன். அளக்கும் டேப்பு எப்போதும் கழுத்தில் தொங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். மாமா ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று அளந்துதான் பேசுவார். மிச்ச வார்த்தைகளை அத்தை எடுத்துக்கொள்வாள்.

பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று முடிவாகாமல் மாடிக்கும் கீழுக்கும் நான் நடந்துகொண்டிருந்த மாதங்களில்தான் இது நடந்தது.

முதலில் பலகை எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால் கடற்கரை விடுதி ஒன்றின் நாற்காலிகளுக்கு மெத்தை மாற்றிக் கொடுத்தாள் அத்தை. இறக்கி வைக்கப் போன இடத்தில், விருந்தாளிகள் அலையில் சறுக்கி விளையாடும் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. கெட்டியான வகை இல்லை, மேலே மெத்தென்ற உறை போட்டவை. விழுந்தாலும் அடிபடாது, புதிதாக வருகிறவர்களுக்கும் சும்மா விளையாடுகிறவர்களுக்கும் ஏற்றவை. அத்தை விடுவாளா? ஒன்றை அழுத்தினாள். "முப்பத்திரண்டு" என்றாள். ஸ்பாஞ்சு எவ்வளவு கெட்டி என்பதை எண்ணால் சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம். விடுதி மேலாளர் சிரித்துவிட்டு, "படுத்துப் பாருங்களேன்" என்றார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். அத்தை புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அவள் கடலில் இருப்பாள். விடுதியில் பழசு என்று ஒதுக்கிய பலகை ஒன்றை மேலாளர் அவளுக்கே கொடுத்துவிட்டார். ஒன்பதடி நீளம், நீல நிறம். அத்தையின் உடம்பைத் தாங்குகிற அளவில் அந்த ஊரில் இருந்தது அது ஒன்றுதான். இப்போது கடைகளுக்கு வருவதெல்லாம் குட்டைப் பலகைகள்.

அவள் அதன்மேல் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. இடுப்பளவு தண்ணீரில் பலகையைத் திருப்பி, கரையைப் பார்த்துக் குப்புறப் படுப்பாள். பின்னாலிருந்து அலை வந்து தள்ளும். மணல் தட்டும்வரை வருவாள். அவ்வளவுதான். முழுதாகப் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். மறுபடி எழுந்து தண்ணீருக்குள் நடப்பாள்.

கரையில் காவலுக்கு இருப்பவரை எல்லாரும் விசில் என்று கூப்பிடுவார்கள். அவருக்கு இது பொறுக்காது.

"அக்கா, மூணு வருஷமாச்சு. ஒருதடவையாவது எந்திரிங்க."

"வாரம் பூரா நின்னுட்டுத்தாம்பா இருக்கேன். இங்கயும் வந்து நிக்கவா?"

"பாக்கறவங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நானும் சிரிச்சுட்டுத்தானே வரேன்."

அது உண்மை. பலகை மணலில் தட்டும்போது அவள் சிரித்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டேன். "முப்பது வருஷமா அடுத்தவங்க உட்கார்றதுக்கு மெத்தை தைக்கிறேன். இது ஒண்ணுதான் நான் படுக்கிற மெத்தை" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "அதுவும் அதுவாவே ஓடுது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் கடல் வருடத்தில் நான்கு மாதம் முரண்டு பிடிக்கும். அப்போது விசில் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார், யாரும் இறங்கக் கூடாது. இந்த வருடம் கொடி ஏற நான்கு ஞாயிறுகளே மீதி இருந்தன. அதில் முதல் ஞாயிறு, கடற்கரைப் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியின் உடைந்த முனை பலகையின் உறையை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

"குடுங்கக்கா, எனக்குத் தெரிஞ்ச பலகைக்காரர் ஒருத்தர் இருக்காரு. ஒட்டித் தருவாரு" என்றார் விசில்.

"ஸ்பாஞ்சு கிழிஞ்சதுக்கு நான் வெளியில குடுக்கிறதா? ஊர் சிரிக்காது?"

பட்டறைக்குக் கொண்டுவந்து, தண்ணீர் வடிய இரண்டு நாள் தலைகீழாக நிறுத்தினாள். மூன்றாம் நாள் மாலை, சோபாவுக்கு ஸ்பாஞ்சு ஒட்டும் அதே சொல்யூஷனை டப்பாவோடு எடுத்தாள். ஓட்டையில் தாராளமாக ஊற்றி, உறையை இழுத்து மூடி, மேலே ஒரு மரத்துண்டும் அதன்மேல் தையல் இயந்திரத்தின் இரும்புத் தலையும் வைத்தாள். "காலையில பாருங்க, கிழிஞ்ச இடமே தெரியாது."

கிழிந்த இடம் தெரியத்தான் இல்லை. காலையில் இரும்பை எடுத்துவிட்டு வழக்கம்போல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. இன்னும் அழுத்தினாள். மணிக்கட்டுவரை போனது.

டேப்பு அண்ணன் பிளேடால் உறையை அறுத்துத் திறந்தார். உள்ளே ஒரு வாஷ்பேசின் அளவுக்குப் பள்ளம். சுவரெல்லாம் உருகிய சர்க்கரை மாதிரி பளபளத்தது. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, "நீளம் இருபத்திரண்டு அங்குலம். ஆழம்..." என்று ஆரம்பித்தார்.

"அதை அளக்கலைன்னு யாரு அழுதா?" என்றாள் அத்தை.

விஷயம் இதுதான். மேல் உறைதான் அவள் அழுத்திப் பார்த்த மெத்தென்ற ஸ்பாஞ்சு. உள்ளே இருந்தது தெர்மாகோல். சொல்யூஷன் பட்டால் தெர்மாகோல் கரைந்துபோகும். மெத்தை தைப்பவர்கள் தெர்மாகோலைத் தொடுவதில்லை என்பதால் பட்டறையில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வேறு யாராவது இருந்திருந்தால் சாதாரணப் பசை ஏதாவது தடவிவிட்டுத் தப்பித்திருப்பார்கள். அத்தை தொழில் தெரிந்தவள் என்பதால்தான் பலகை போனது.

அன்று முழுவதும் அவள் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. அப்படி ஒரு நாளை நான் பார்த்ததே கிடையாது. வாடிக்கையாளர் ஒருவர் துணி தேர்ந்தெடுக்க வந்தபோது, சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாளே தவிர எதையும் அழுத்தவில்லை.

இரண்டாவது ஞாயிறு அவள் கடற்கரைக்குப் போனாள். வாடகைக்குக் கிடைத்த ஒரு குட்டைப் பலகையோடு தண்ணீரில் இறங்கினாள். படுத்ததும் பலகை காணாமல் போனது. தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிய, அலை அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, போர்டு எங்க?" என்று கரையிலிருந்து கத்தினார் விசில்.

"அடியிலதான் இருக்கு."

மூன்று அலை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியோடு வீட்டுக்கு நடந்தாள். வழியில் என்னிடம், "இந்த வருஷம் இவ்வளவுதான்டி" என்றாள். அடுத்த வருடம் என்று அவள் சொல்லவில்லை. ஒன்பதடிப் பலகை இனிமேல் எங்கே கிடைக்கப்போகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை நான் கீழே இறங்கியபோது, மூன்றாவது மாடிக்காரர்கள் புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டியோடு வந்த தெர்மாகோல் அட்டைகள் வெட்டு மேசைமேல் அடுக்கியிருந்தன. மாமா குப்பையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். அருகில் அவர் மரத்துக்குப் பயன்படுத்தும் பசை, இரண்டு டியூபையும் கலந்து தடவுவது.

"நீ தோலைத்தான் பாத்த" என்றார் மாமா. "உள்ள எலும்பு என்னன்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"உங்ககிட்ட கேட்டா அடுத்த வருஷம்தான் பதில் வரும்."

"இப்ப வந்திருக்குல்ல?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே ஆரம்பிக்க விடவில்லை. தெர்மாகோலில் இரண்டு துண்டு உடைத்து, ஒன்றில் சொல்யூஷனையும் மற்றதில் மாமாவின் பசையையும் தடவி, எங்களைச் சுற்றி நிற்கவைத்தாள். முதல் துண்டு நாங்கள் பார்க்கப் பார்க்கக் கரைந்து குழியானது. "நல்லாப் பாத்துக்குங்க, என் மூளை" என்றாள். இரண்டாவது துண்டை ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் அழுத்திப் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

கரைந்த பகுதியை டேப்பு அண்ணன் நேர்க்கோட்டில் வெட்டி எடுத்தார். இந்தமுறை அவர் அளந்ததை யாரும் கேலி செய்யவில்லை. தெர்மாகோலை அடுக்கடுக்காக ஒட்டி மாமா பள்ளத்தை நிரப்பினார். உறையை அத்தை வளைந்த ஊசியால் தைத்தாள். தையல்மேல் ரெக்ஸினில் ஓர் ஒட்டு. பல் மருத்துவரின் நாற்காலிகளுக்கு வாங்கியதில் மிஞ்சிய அடர்ந்த சிவப்பு நிறம். சுற்றிலும் சோபாவின் ஓரத்தில் வைப்பதுபோல், உள்ளே கயிறு வைத்துத் தைத்த பைப்பிங். கை பழக்கத்தில் நடுவில் இரண்டு பட்டன் வைக்கவும் ஊசியை எடுத்துவிட்டாள்.

"பட்டன் வேணாம்" என்றார் மாமா. "தண்ணி இறங்கும்."

"பட்டன் இல்லாம மொட்டையா இருக்குங்க."

"இருக்கட்டும்."

ஊசி போன ஓட்டைகளையெல்லாம் பசையால் அடைத்தார்கள். சனிக்கிழமை பலகை தயார். நீலப் பலகையின் ஒருபக்கத்தில் சிவப்புச் சோபா ஒன்று முளைத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது ஞாயிறு பட்டறை மொத்தமும் கடற்கரைக்குப் போனது. அத்தை படுத்தாள், பலகை மிதந்தது. எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. அலை வந்து தள்ளியது. நேராகக் கரைக்கு வரவேண்டிய பலகை, அவளுடைய இடப்பக்கம் திரும்பி, குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நோக்கிப் போனது. குடும்பம் நாலாபக்கமும் சிதறியது. விசில் ஊதினார். இரண்டாம் முறையும் அப்படியே. தெர்மாகோல் லேசு, பசைதான் கனம். ஒட்டுப் போட்ட பக்கம் பாரமாகி, அலை தள்ளும்போதெல்லாம் பலகையை அந்தப் பக்கமே இழுத்தது. மூன்றாம் முறை விசில் தண்ணீருக்குள்ளேயே நடந்து வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஆளுங்க இருக்கிற இடத்துல இதை ஓட்ட விடமாட்டேன்."

"சரிப்பா" என்றாள் அத்தை. வாதாடவில்லை. கரையில் வந்து உட்கார்ந்து, சிவப்பு ஒட்டை விரலால் அழுத்தியபடியே இருந்தாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. அந்த வாரம் வேலை முடிந்த பிறகு அவள் இரண்டு மாலை கடற்கரைக்குப் போய்விட்டு வந்தாள். பலகையை எடுத்துப் போகவில்லை. வெறுமனே கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாளாம், விசில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசி ஞாயிறு அவள் படிக்கட்டுக்கு அருகில் இறங்கவில்லை. பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கடலில் நின்று கரையைப் பார்த்தால் வலது கோடியாக வரும் முனைக்கு நடந்தாள். அங்கே யாரும் குளிப்பதில்லை. விசிலிடம் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறாள், அவர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு அலைகளை விட்டாள். மூன்றாவதற்குப் படுத்தாள்.

பலகை இடப்பக்கம் திரும்பியது. அவள் அதைத் தடுக்கவில்லை. கரையை நோக்கி வராமல், கரையோடு சேர்ந்து, அலையின் முகத்தில் சாய்வாக ஓடியது. நேரே வந்தால் பத்து எண்ணுவதற்குள் மணல் தட்டும் என்று சொன்னேன் அல்லவா? டேப்பு அண்ணன் பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்திருந்தார். பத்து தாண்டியது. பதினைந்து தாண்டியது. நாங்கள் கரையில் கூடவே நடந்தோம், பிறகு ஓடவேண்டியிருந்தது. இருபத்து நான்கு என்று அவர் சொன்னபோது, பலகை படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் தட்டியது.

அத்தை சிரிக்கவில்லை. முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு, வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை?"

"இருபத்து நாலுக்கா."

"சரியா எண்ணினியா?"

"எங்கிட்டயே கேக்கிறீங்களே."

அதற்குப் பிறகுதான் சிரித்தாள். எட்டு மணிக்குள் இன்னும் ஆறு முறை வலது கோடிக்கு நடந்து போய் அலையில் வந்தாள். மறுநாள் சிவப்புக் கொடி ஏறியது.

பலகை இப்போது பட்டறைச் சுவரில், ரெக்ஸின் சுருள்களுக்கு மேலே படுத்திருக்கிறது. பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் 'சொல்யூஷன் கூடாது' என்று எழுதியிருக்கிறாள். போன வாரம் மாமா ஏணி போட்டு ஏறி, அதை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பென்சில் இருந்தது.

"நாலு மாசம் இருக்குல்ல. இன்னொரு பக்கமும் கொஞ்சம் கனம் சேத்துட்டா நேரா போகும்" என்றார். மாமா தானாகவே இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

அத்தை இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"நேரா போனா பத்துகூட வராது, அது எனக்கு எதுக்கு? முதல்ல ஏணியை விட்டு இறங்குங்க."