தேங்காய் எண்ணெய் விட்ட விசிறிகள்

கம்ப்யூட்டரைத் திறந்தால் பலகாரம் சுடும் வாசனை வருமா? எங்கள் டைரக்டரின் பயிற்சிக் கூடத்தில் வந்தது. திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் காய்ந்த தேங்காய் எண்ணெயின் சிக்கு நாற்றம் முகத்தில் அடிக்கும். உள்ளே பிராசசரின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன விசிறி, எண்ணெயும் புழுதியும் குழைந்த கரும்பசையில் சிக்கி நிற்கும். விரலால் தள்ளிவிட்டால் பாதிச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி நின்றுகொள்ளும். தொண்ணூறுகளின் பிற்பாதியில், பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு மாடியில், அந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை.

முதலாளி என்று அழைத்தால் அவருக்குப் பிடிக்காது. டைரக்டர் என்றே சொல்ல வேண்டும். சீவலப்பேரிப் பக்கம் குடும்பத்துக்கு இருந்த நஞ்சையை விற்று அந்தக் கூடத்தைத் தொடங்கியவர். "எங்கப்பா நெல்லு விதைச்சாரு, நான் அறிவு விதைக்குதேன் வே" என்று வருகிற பெற்றோரிடமெல்லாம் சொல்வார். விதைத்தவருக்கு மின்விசைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மானிட்டரில் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று மனப்பூர்வமாக நம்பியவர் அவர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை தொங்கும். விளம்பரத் தாளில் 'முழுவதும் ஏசி செய்யப்பட்டது' என்று போட்டிருந்தார். ஏசி அவர் அறையில் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர்களும் பிள்ளைகளும் தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வெக்கையில் விசிறிகள் எத்தனை நாள் தாங்கும்? உள்ளே அச்சு தேய்ந்து, தகரத்தைப் பிராண்டுவது போல் கிரகிரவென்று சத்தம் போட ஆரம்பித்தன. புது விசிறிகள் வாங்க வேண்டும், இல்லையென்றால் சூடு ஏறி மதர்போர்டே போய்விடும் என்று அவரிடம் சொன்னேன்.

"ஏலே, ஃபேன்னா என்னலே? சைக்கிள் மாதிரி சுத்துத சாமான்தான? எண்ணெ விட்டா ஓடுது. இதுக்குப் போயி புதுசு கேக்குத."

தையல் மெஷின் எண்ணெயாவது ஒரு சொட்டு விடலாம், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். மறுநாள் வீட்டுத் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டிய எண்ணெயை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, அபிஷேகம் செய்கிறவரைப் போல ஒவ்வொன்றிலும் தம் கையாலேயே ஊற்றினார். சத்தம் அடங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையில் இருந்த பெருமிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

மார்கழி வந்தது. காலையில் எண்ணெய் நெய் போல உறைந்து கிடக்கும், விசிறி அசையாது. மத்தியானத்துக்குள் இயந்திரம் கொதித்து நின்றுவிடும். பிள்ளைகள் அதுவரை அடித்து வைத்ததெல்லாம் போய்விடும். போர்டுகளில் மின்சாரத்தைத் தேக்கித் தரும் சிறு குப்பிகள் சூட்டில் தலை உப்பி வெடித்தன. ஜங்ஷனில் ரேடியோ சாமான் விற்கும் கடையில் புதுக் குப்பிகள் வாங்கி ஈயத்தால் பற்றவைத்துப் பார்த்தேன். சில போர்டுகள் பிழைத்தன, பல செத்தன.

கூடத்தில் பாடம் நடத்தியவள் சாத்தான்குளத்துக்கும் தெற்கே, ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த பெண். பிள்ளைகளுக்கும் எனக்கும் அவள் டீச்சர். பூசி மெழுகத் தெரியாதவள். கம்ப்யூட்டர் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று ஒரு தகப்பனார் கேட்டபோது, "உள்ள ஃபேன் ஓடல சார். புதுசு வாங்க இவங்களுக்கு மனசில்ல" என்று டைரக்டரின் எதிரிலேயே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து செத்த போர்டுகளெல்லாம் அவள் கணக்கில் ஏறின. "கடக்கரைக் கை. உப்புல ஊறுன கை. தொட்ட எடமெல்லாம் துருப் பிடிக்குது" என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு போர்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்து, துரு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். "நீ யாருகிட்டலே சம்பளம் வாங்குத?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே எலக்ட்ரானிக்ஸ் அதுதான்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டீச்சருக்கு வேலை கிடைத்தது. சேர்வதற்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும். அவை டைரக்டரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வேலைக்குச் சேரும்போதே எங்கள் எல்லாரிடமும் வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். "கெடுத்த போர்டுக்கெல்லாம் பதில் சொல்லு, தாரேன்" என்றார். அவள் தினமும் கேட்டாள். அவர் தினமும் அதையே சொன்னார். சேர வேண்டிய நாள் நெருங்கியது. அழாத பெண், ஒருநாள் படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தாள். கருவாட்டு வியாபாரி. தலையில் ஓலைப்பெட்டி. பெட்டியோடு நேரே டைரக்டரின் ஏசி அறைக்குள் போய், அவர் எதிரில் இருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியைக் காலடியில் வைத்து மூடியைத் திறந்தாள். டைரக்டர் முட்டைகூடத் தொடாத சைவ வீட்டுக்காரர்.

"என்னம்மா இது? இது ஆபீசு. வெளிய போம்மா."

"போவுதேன்யா. வெயில்ல வந்தேன், இங்கன நல்லா குளுகுளுன்னு இருக்கு. எம்புள்ளையோட பேப்பரத் தந்தியன்னா பைய எந்திச்சுப் போவுதேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

ஏசி அந்த வாசனையை அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பரிமாறியது. டைரக்டர் எழுந்து ஏசியை அணைத்தார். அது இன்னும் மோசமாயிற்று. குளிர் வெளியே போகக் கூடாதென்று சன்னல்களை அவரே ஆணியடித்து அடைத்திருந்தார். மகனைச் சேர்க்க வந்த ஒரு பெரிய அதிகாரி கதவைத் திறந்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போனார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த டைரக்டரின் படங்களை ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேர்வையில் டை நனைந்தபின் அவர் அலமாரியைத் திறந்து உறையை மேஜையில் எறிந்தார். அம்மா அதைத் தொடவில்லை. மகளைக் கூப்பிட்டாள். டீச்சர் ஒவ்வொரு தாளாகப் பார்த்து, "எல்லாம் இருக்கும்மா" என்றாள். அம்மா எழுந்தாள். ஒரு கை நெத்திலிக் கருவாட்டைத் தாளில் பொதிந்து டைரக்டரின் மேஜையில் வைத்தாள். "வெறுங்கையா வரப்படாதுல்லா. நல்ல சரக்குய்யா" என்றாள். அதில் கேலி இருந்ததா, மரியாதைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அலமாரி திறந்தே இருந்தது. நான் உள்ளே போய், "என்னோடதையும் தந்திருங்க" என்றேன். தந்துவிட்டார். பெட்டி அப்போதும் அறையில்தான் இருந்தது.

டீச்சர் தூத்துக்குடியில் அந்த ஏஜென்சியிலேயே இருந்து மேலே வந்தாள். அடுத்த கோடை முடிவதற்குள் டைரக்டரின் கூடம் பூட்டப்பட்டது. அத்தோடு அந்த ஆள் ஒழிந்தார் என்று நினைத்தேன். போன வருடம் ஒரு கல்லூரி விழாவுக்குப் போனால், மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெல்லைச் சீமைக்குக் கம்ப்யூட்டர் அறிவைக் கொண்டுவந்த முன்னோடியாம். சூடு, காற்றோட்டம், பராமரிப்பு என்று மாணவர்களுக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னார். வயதாகிவிட்டது, பழையதை மறந்துவிட வேண்டும் என்பார்கள். முதுமை ஆளைத் தளர்த்தும். திருத்தும் என்று யார் சொன்னது?

முன்வரிசையில் என்னைப் பார்த்துவிட்டார். "ஏலே, நீயாலே! மேல வாலே" என்று மேடைக்கு அழைத்தார். தோளில் கைபோட்டு மைக்கில் சொன்னார்: "இந்தப் பய எங்கிட்டதான் தொழில் படிச்சான்."

"வேலை பாத்தேன். படிக்கல" என்றேன்.

மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. நான் என்னவோ நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவரும் சேர்ந்து தட்டினார்.