தாட்சாயினியின் இடக்கை

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தாட்சாயினியின் வலக்கை அழுத்து இயந்திரத்துக்குள் போனது 2003ஆம் ஆண்டு. இயந்திரத்தின் பாதுகாப்புத் தகட்டை முதலாளி கழற்றிவைத்திருந்தார். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்குமாம். அதற்குப் பிறகு மூன்று விரல்கள் மடங்கவில்லை.

நட்டஈட்டு அலுவலகம் ஒரு வழி சொன்னது. கணினியைக் கையாள முடியும் என்று ஒரு சிறு சோதனையில் காட்டினால் அலுவலக வேலைக்குப் பயிற்சி. காட்டாவிட்டால் அதே சலவைக்கூடத்தில் நின்றபடி விரிப்பு மடிக்கும் "இலகுவான" வேலை.

அதுவரை அவர் கணினியைத் தொட்டதில்லை. சோதனைக்காகச் சேர்ந்த கணினி வகுப்பில் பாடம் எடுத்த றொசானா, "அக்கா, பாடம் கிடக்கட்டும். முதல் இந்தக் காட்ஸை விளையாடுங்கோ. இழுத்துவிடப் பழகினால் மவுஸ் தன்ரபாட்டிலை கைக்கு வந்திடும்," என்றாள். கணினியோடு சேர்ந்தே வரும் சீட்டு விளையாட்டு. கறுப்பு எட்டின்மேல் சிவப்பு ஏழை இழுத்துப்போய் விடவேண்டும். நடுவில் மவுஸின் பொத்தானிலிருந்து விரல் எழும்பினால் சீட்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். தாட்சாயினியின் வலக்கையில் அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது. றொசானா மவுஸை இடப்பக்கம் மாற்றிவைத்தாள். அன்றைக்கே ஏழு எட்டில் போய் உட்கார்ந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தாட்சாயினி பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் ஊரில் அகப்பைக் காம்பால் அந்தக் கையில் அடித்து அடித்துத்தான் வலக்கையால் எழுதவும் உண்ணவும் வைத்தார்கள். எந்தக் கை முந்தவேண்டும் என்று தீர்மானிப்பது மூளை. அதில் தீட்டும் இல்லை, புண்ணியமும் இல்லை. இதைச் சொல்ல ஒருவர்கூட முன்வராத ஊரைத்தான் ஒழுக்கமான ஊர் என்கிறோம்.

கணவர் சிவநேசம் அந்த ஊரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாக் காட்ஸ். அதுவும் கழுவுற கையாலை!"

"இது படிப்பப்பா."

"நல்ல படிப்பு. டிப்ளோமா காசினோவிலையோ தருவினம்? பெரிய ஆக்களுக்கு முன்னாலை அந்தக் கையை நீட்டி என்ரை மானத்தை வாங்கிப்போடாதேயும்."

சோதனை நாளில், எதிரே இருந்த அதிகாரி "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி மவுஸை அவர் முன் தள்ளிவைத்தார். திரையிலிருந்த கோப்புகளை இழுத்து உரிய இடத்தில் போடவேண்டும், சீட்டை இழுப்பதுபோலத்தான். தாட்சாயினி இடக்கையைத் தூக்கினார். எதிரே இருந்தவர் சிவநேசம் சொன்ன பெரிய ஆக்களில் ஒருவர். தூக்கிய கை மடிக்குத் திரும்பியது. வலக்கை போய் மவுஸைப் பிடித்தது.

முதல் கோப்பு பாதிவழியில் நழுவிப் பழைய இடத்துக்கு ஓடியது. அடுத்ததும் அப்படியே. மற்றக் கையால் முயன்று பாருங்கள் என்று அதிகாரி சொல்லவில்லை. சிதைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, தகுதியில்லை என்று குறித்தார்.

செய்தி கேட்டுச் சிவநேசம் கொதித்தார். "விசர் மனிசி! இடக்கை நல்லா ஓடிச்சுதுதானே? அதாலை செய்திருக்கலாமே?"

விபத்துக்குப் பிறகு வலக்கையில் கரண்டியைச் செருகிச் சிந்திச் சிந்தித்தான் தாட்சாயினி சாப்பிட்டு வந்தார். அன்றிரவு சாப்பாட்டில் கரண்டியை ஒதுக்கிவைத்து, இடக்கையால் சோற்றைக் குழைத்து வாயில் வைத்தார். சிவநேசத்தின் கை தட்டில் அப்படியே நின்றது.

"திங்கள் சலவைக்குப் போறன், வேறை வழியில்லை. ஆனால் இன்னொருக்காச் சோதனை வைக்கச் சொல்லிக் கேட்கப்போறன். அதுவரைக்கும் இந்த வீட்டிலை நான் இந்தக் கையாலைதான் சாப்பிடுவன். பாக்க ஏலாட்டி அங்காலை திரும்பியிருங்கோ."