பொடியாத சாம்பல்

போன வாரம் என் கண்ணெதிரே ஒரு முகூர்த்தப் புடவையைக் கொளுத்தினார்கள்.

பதறாதீர்கள்... முழுப் புடவையை இல்லை. முந்தானையிலிருந்து உருவிய ஒரே ஒரு இழையை. ஆனால் அந்த ஒரு இழையோடு ஒரு கடையின் பெயரும் சாம்பலாகியிருக்கும்.

என் மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் பெரணமல்லூர். பட்டு எடுக்க ஆரணிக்கு வந்தார்கள். உள்ளூர்க்காரி என்ற கெத்தில் நான்தான் அவர்களைக் கல்பனா வீட்டுக்கு அழைத்துப் போனேன். முன் கூடம் கடை. பின்னால் சாயக் கொட்டகை. அப்பா சிகாமணி புடவை வியாபாரி. மகள் கல்பனா கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, கொட்டகையில் பாதியை லேப் ஆக்கிக்கொண்டவள். 'அவ்ளோ படிச்சிட்டு சாயத் தொட்டியில கை விட்டுகினு நிக்குதே' என்று தெருவே பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே என்னதான் செய்கிறாள்? பட்டுக்குக் கண்ணாடி பூசுகிறாள்.

கண்ணாடி என்றால் மணலை உலையில் உருக்க வேண்டாமா? நானும் கேட்டேன். உலையே வேண்டாமாம். மணலில் இருக்கும் அதே சிலிகாவைத் தரும் ஒரு திரவம், ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர், சில துளி அமிலம். கலந்து வைத்தால் உள்ளே நுண்துகள்கள் உண்டாகி, ஒன்றோடொன்று கைகோத்து, மெல்லக் கெட்டிப்படும் - பால் தயிராவது மாதிரி. திரவமாக இருக்கும்போது சோல், உறைந்தால் ஜெல். மொத்தத்தில் சோல்-ஜெல் முறை. உறைவதற்கு முன்பே புடவையை நனைத்து, உலர்த்தி, இதமாகச் சூடு காட்டினால் ஒவ்வொரு இழைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடிச் சட்டை. தண்ணீரை ஒட்டவிடாத இன்னொரு பொருளையும் சேர்ப்பதால், சாம்பார் கொட்டினாலும் உருண்டு ஓடிவிடும். "காய வைக்கிறதுல மட்டும் ஜல்தி கூடாதுக்கா. பூச்சு விரிசல் உட்டுடும்" என்பாள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு பயம். "கஸ்டமர் எதிர்ல கெமிக்கல்னு மட்டும் வாயத் தொறக்காதம்மா. ஓடிடுவாங்க." அன்றைக்கும் அவரே முந்திக்கொண்டு, "கறை ஒட்டாத பட்டுங்க" என்று மட்டும் சொல்லி அரக்குப் புடவையை விரித்தார். எப்படி ஒட்டாது என்பதை விழுங்கிவிட்டார்.

பெண்ணின் அத்தை சரோஜா சும்மா விடுகிற ஆள் இல்லை. முந்தானைக் குஞ்சத்தில் ஒரு இழையை உருவினார். தீக்குச்சியைக் கிழித்தார். நம் ஊர்ப் பழக்கம்தானே? அசல் பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். போலி என்றால் உருகி மணியாக உருளும்.

நாற்றம் வந்தது. ஆனால் சாம்பல் பொடியவில்லை. நூல் வடிவத்திலேயே மொடமொடவென்று நின்றது. அத்தை அதைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாங்க இது? கலப்படம்."

கூடத்தில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆரணியில் ஒரு பட்டுக் கடைக்குக் 'கலப்படம்' என்று பெயர் வந்தால் அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். சிகாமணி வியர்த்துப்போனார். "உடும்மா, பேஜாரு வேணாம்... வேற புடவை காட்டலாம்."

"காட்ட மாட்டேன்ப்பா. இத மடிச்சு வச்சா கலப்படம்னு நாமளே ஒத்துக்கின மாதிரி."

பிறகு கல்பனா அத்தையிடம் திரும்பினாள். "ஆமாங்க, கெமிக்கல்தான். கண்ணாடி பூசியிருக்கேன். மொதல்லயே சொல்லியிருக்கணும், அது எங்க தப்பு. ஆனா உள்ள இருக்கிறது சுத்தப் பட்டு. பட்டு எரிஞ்சுபோச்சு, மேல இருந்த சட்டை எரியல. அதான் பொடியல."

"வாயில சொன்னா நம்பிடுவமா?"

"நம்பாதீங்க. பாருங்க."

பாத்ரூமுக்கு வாங்கி வைத்த ப்ளீச்சை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். ப்ளீச் பட்டைக் கரைத்துவிடும், பாலியெஸ்டரை ஒன்றும் செய்யாது. ஒன்றில் அரக்குப் புடவையின் இழை. இன்னொன்றில் போட, அத்தையே தான் கட்டியிருந்த மாம்பழக் கலர் பட்டிலிருந்து ஒரு இழையை உருவிக் கொடுத்தார். ரோஷக்காரி!

காபி வந்தது. யாரும் குடிக்கவில்லை. ஏடு கட்டியது. அத்தையின் இழை மெலிந்து மெலிந்து காணாமல் போனது. சிகாமணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அரக்கு இழை மட்டும் கிடந்தது, கிடந்தது... நான் வேண்டாத தெய்வமில்லை. கொஞ்சம் பொறுத்து அதுவும் கரைந்தது. அடியில் மட்டும் ஏதோ மெல்லிய தூசி.

"இந்தத் தூசிதாங்க நான் போட்ட சட்டை. இது தடுத்ததாலதான் கரைய லேட்டு" என்றாள் கல்பனா.

அத்தை டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆறிப்போன காபியை எடுத்து, யாரையும் கேட்காமல், விரித்திருந்த புடவை மேல் கொஞ்சம் ஊற்றினார். அது முத்து முத்தாக உருண்டு பாயில் இறங்கியது. புடவையில் ஒரு சொட்டு இல்லை.

"இத பேக் பண்ணும்மா. எனக்கும் ஒண்ணு, பச்சையில."

எனக்கு ஒன்று புரியவில்லை. கெமிக்கல் என்றதும் ஏன் இப்படி மிரள்கிறோம்? பட்டுக்கு ஏற்றும் சாயம் என்ன, சாம்பாரா? என் மூக்குக்கண்ணாடியில் கீறல் விழாமல் காக்கும் பூச்சும் இதே முறையில் செய்ததாம். அதை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் இத்தனை வருஷம் புடவையில் குற்றம் பார்த்திருக்கிறேன். அத்தை கொளுத்தியது தப்பே இல்லை, காசு கொடுப்பவர் சோதிக்கத்தான் வேண்டும். தப்பு, மகளின் வேலையைச் சொந்த வீட்டிலேயே கள்ளச் சரக்கு போல ஒளித்து வைத்தது. நல்ல வேலைக்கு எதற்கு முக்காடு?

நேற்று பச்சைப் புடவையை வாங்கி வரப் போனேன். டப்பாவுக்குள் ஒரு அட்டை. அதில் அதே புடவையின் இரண்டு இழைகள் - ஒன்று பூசாதது, ஒன்று பூசியது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. இனி எல்லாப் புடவையோடும் இது உண்டாம்.

சிகாமணி முனகினார். "கல்யாணப் பட்டுல தீப்பெட்டி வச்சுத் தர்ற கடை உலகத்துலயே இது ஒண்ணுதாங்க."

"ஆமாப்பா" என்றாள் கல்பனா. "தீப்பெட்டி ஃப்ரீ. சால்ஜாப்புதான் ஸ்டாக் இல்ல."