மெதுவாக இறக்கச் சொன்ன வாத்தியார்

தேகப்பயிற்சி வாத்தியார் உத்தியோகம் போல நன்றிகெட்ட பிழைப்பு கிடையாது: இரும்பைத் தூக்குவது எப்படி என்று கேட்க ஊரே வரும், இறக்குவது எப்படி என்று கேட்க ஒருத்தன் வரமாட்டான். அடுத்தவருக்கு எதையாவது சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு தகர ஷெட்டில் ஜிம் நடத்தினேன். ஷெட் கன்னியப்பருடையது. நெல் போட்ட நிலத்தை மனை போட்டு விற்றவர். வரும்படியில் பங்கு கொடுத்துவிட வேண்டும், ஆள் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் நடத்திக்கொள்ளலாம் என்பது பேச்சு. எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்த ஷெட் போனால் நான் நடுத்தெருவில்தான்.

சத்தமே காணோம்

என் பாடம் ஒன்றே ஒன்று. ஒரு எண்ணிக்கையில் ஏற்று, நாலு எண்ணிக்கையில் இறக்கு. பாரத்தைச் சதை எவ்வளவு நேரம் தாங்கிப் பிடிக்கிறதோ அவ்வளவுதான் பலன்; சட்டென்று கீழே விட்டால் பலன் பூமாதேவிக்குத்தான். நான் சொன்னபடி செய்தால் வெயிட் தரையைத் தொடும்போது சத்தமே வராது. எனக்கு அதில் ஒரு கர்வம்கூட உண்டு.

கன்னியப்பர் தினமும் வாசலில் ஈஸிசேர் போட்டு உட்காருவார். அவருக்குக் கண்ணைவிடக் காதில்தான் நம்பிக்கை. மற்ற ஜிம்மில் எல்லாம் பட்டறை மாதிரி தடார் தடார் என்று கேட்குமாம். உள்ளே எட்டிப் பார்த்தார். ஆறு பேர் பல்லைக் கடித்து, வியர்வை சொட்ட, இரும்பை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார்.

"இன்னா வாத்யாரே, எல்லாரும் தூங்கிகினு கீறானுங்க?"

நாலு ஸ்தோத்திரம்

பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வருவார் ஜெயராஜ். ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வேறெங்கோ வெயிட்டை வெடுக்கென்று தூக்கித் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டு, கையை மேலே தூக்க முடியாமல் என்னிடம் வந்து சேர்ந்தவர். சின்ன வெயிட்டாகக் கொடுத்து, நாலு எண்ணி இறக்குங்கள் என்றேன். பாரம் அழுத்தினால் மனுஷர் ஒன்றுரெண்டுமூணுநாலு என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். எல்லாரும் செய்கிற திருட்டுத்தனம்தான் அது. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. எண்ண வேண்டாம், அதற்குப் பதிலாக நாலு தடவை ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றேன். அன்றைக்கு அவர் இறக்கிய அழகைப் பார்க்க வேண்டுமே! கை நடுங்குகிறது, முகம் சிவக்கிறது, ஆனால் ஒரு ஸ்தோத்திரம்கூட அவசரப்படவில்லை. சில மாதத்தில் தோளும் சரியாகி, மார்பும் விரிந்தது.

"ஆண்டவர் பேர்ல ஏமாத்த வாய் வரமாட்டேங்குது மாஸ்டர்" என்றார்.

கல்யாண மாப்பிள்ளை

சத்தக் குறையைத் தீர்க்கக் கன்னியப்பர் இன்னொரு வாத்தியாரைக் கொண்டுவந்தார். பெயர் தனசேகர். தூக்கு, போடு, அடுத்த ஆள் வா. அவ்வளவுதான் அவன் வித்தை. ஷெட் அதிர்ந்தது, கன்னியப்பர் முகம் மலர்ந்தது.

கீழ்க்கட்டளைப் பையன் ஒருவன், கல்யாணத்துக்குள் மார்பு வேண்டும் என்று வந்தான். நான் சின்ன வெயிட்டைக் கையில் கொடுத்ததும் அவனுக்கு அவமானமாகிவிட்டது. நேரே தனசேகரிடம் போனான். பெரிய வெயிட்டை ஒரே உதறலில் தூக்கினான், கழுத்து பிடித்துக்கொண்டது. கோணக் கழுத்தோடு தாலி கட்டிவிட்டு, மறுவாரம் வந்து சண்டை பிடித்தான். யாரிடம் என்கிறீர்கள்? என்னிடம்தான்.

"நீங்க நல்ல வெயிட்டா குடுத்திருந்தா நான் ஏன் சார் அவருகிட்ட போறேன்?"

மேடையில்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆணழகன் போட்டி ஒன்றில் ஜெயராஜுக்கு முதல் பரிசு கிடைத்தது. நான் முன்வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கன்னியப்பரையும் கையோடு அழைத்துப் போயிருந்தேன். இனி ஷெட் என்னுடையதுதான், இவரே பார்க்கட்டும் என்ற நினைப்பு.

மைக்கைக் கொடுத்து, இந்த உடம்பின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். ஜெயராஜ் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஜெபமும் பச்சை முட்டையும்தான்."

கூட்டம்

பரிசு வந்ததும் பள்ளிக்கரணையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எனக்கு வினையே அங்கேதான். வெயிட் மாட்டித் தூக்குகிற பார் இருந்தது ரெண்டே ரெண்டு, எனக்கொன்று, தனசேகருக்கொன்று. என்னிடம் ஒரு ஆள் இறக்கி முடிப்பதற்குள் தனசேகரிடம் மூன்று பேர் முடித்துவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருப்பார்கள். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு வரிசை மாறினார்கள். ஜெயராஜும் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று ஒருநாள் அந்தப் பக்கம் போய் நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாசக் கடைசியில் கன்னியப்பர் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் தனசேகரே ஷெட்டைப் பார்த்துக்கொள்வான், சாவியைக் கொடுத்துவிடு என்றார். என் கையால் தேறியவர்கள் சுற்றிலும் நிற்கிறார்கள், தனசேகரிடம் தங்கள் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு. நான் சாவியை எடுத்து நீட்டியதும் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது.

"உன்னிய இன்னா வராதேன்னா சொன்னேன்? காலைல கூட்டம் இல்லாத நேரமா வந்து நீயும் எக்ஸர்சைஸ் பண்ணிக்கினு போ, யாரு வாணான்றாங்க?"

இன்றைக்கும் தாம்பரத்தில் எவனாவது இரும்பைத் தடாரென்று போடும் சத்தம் கேட்டால் நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாகப் போய்விடுவேன். அவரவர் தோள்பட்டை, அவரவர் பாடு.